புத்தரா, தீர்த்தங்கரரா? குமரி எல்லையிலிருந்து பௌத்தத்துக்கு ஒரு நுழைவு வழி

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிதறால் மலைக்கோவிலுக்குப் போய்வருகிறவர்களில் பலர் "புத்தர் குகை பார்த்தோம்" என்று படம் போடுகிறார்கள். அது சமணப் பள்ளி. பாறையில் வரிசையாகச் செதுக்கியிருப்பது சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களை. கண்ணை மூடி, சம்மணமிட்டு, மடியில் கை வைத்திருந்தால் புத்தர் என்று நமக்குள் ஒரு முடிவு ஊறிக் கிடக்கிறது. பௌத்தத்தைப் பற்றிய மற்றத் தவறுகளும் ஏறக்குறைய இதே வகைதான்: மேலோட்டமாக ஒன்றைப் பார்த்துவிட்டு மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். அதனால் சிலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டு, பிறகு கொள்கைக்குப் போவது நல்லது.

சிலையைப் பார்க்கும் முறை

முதலில், உருவம் நிற்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நின்று, இரண்டு கைகளும் நேராகத் தொங்கி, உடம்பில் துணியே இல்லையென்றால் அது சமண உருவம். மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. புத்தர் நின்றாலும் ஆடையோடுதான் நிற்பார். பெரும்பாலும் வலது கை அபயம் காட்டும்.

உட்கார்ந்த உருவம் என்றால் காலையும் கையையும் விட்டுவிட்டு இடது தோளுக்குப் போங்கள். புத்தரின் சீவரம் என்ற துறவாடை இடது தோளை மூடி, வலது தோளைத் திறந்து விட்டு, மார்பின் குறுக்கே ஒரு விளிம்புக் கோடாக இறங்கும். பல சிலைகளில் ஆடையின் முனை இடது தோளிலிருந்து ஒரு மடிப்பாகத் தொங்கும். தேய்ந்த கருங்கல்லில் இந்தக் கோடு நடுப்பகலில் தெரியவே தெரியாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் சாய்வெயில் படும்போது பாருங்கள். இல்லையென்றால் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள், நேரே பிடித்தால் நிழல் விழாது. கோடு தெரியட்டும் என்று தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய் தடவுவது, சாக்கட்டியால் வரைவது எல்லாம் கல்லைக் கெடுக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் வழக்கும் வரும்.

அடுத்தது தலைக்கு மேல். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை, அதாவது முக்குடை, செதுக்கியிருந்தால் தீர்த்தங்கரர். படமெடுத்த பாம்பு குடைபிடித்தால் குமரிப் பக்கத்தில் முதலில் தீர்த்தங்கரரான பார்சுவநாதர் என்றே எண்ணுங்கள். நாகர்கோவில் நாகராஜா கோவில் தூண்களிலேயே அவரைப் பார்க்கலாம். பாம்புக் குடையின் கீழ் அமர்ந்த புத்தர் இலங்கையிலும் கம்போடியாவிலும் உண்டு. இங்கே அவரை எதிர்பார்க்க வேண்டாம்.

உச்சந்தலையில் கொண்டை போன்ற புடைப்பு பெரும்பாலும் புத்தருக்கு உரியது. நாகப்பட்டினத்துச் செப்புத் திருமேனிகளில் அது தீச்சுடராகவே எழும்பி நிற்கும். சுருட்டை முடியும் நீண்ட காதுமடலும் இரண்டு சமயத்துக்கும் பொது, அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மார்பில் ஸ்ரீவத்சக் குறி இருந்தால் சமணம் என்று வடநாட்டுச் சிலைகளை வைத்து எழுதிய கையேடுகள் சொல்லும். தெற்கே பல தீர்த்தங்கரர்களுக்கு அந்தக் குறியே கிடையாது. ஆகவே குறி இல்லாதது எதையும் நிரூபிக்காது.

நேரில் ஒப்பிட ஒரு வழி. முதலில் சிதறால் ஏறுங்கள். அடுத்த வாரம் குழித்துறையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ கொல்லம் வழியாகப் போகும் ரயிலில் காயங்குளம் போய் இறங்குங்கள். அங்கே கிருஷ்ணபுரம் அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு புத்தர். திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்க்காமல் போய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு. மாவேலிக்கரையில் இன்னொருவர், அவர் இருக்கும் சந்திப்புக்கே புத்தா ஜங்ஷன் என்றுதான் பெயர். மூன்றாமவர் அம்பலப்புழையிலிருந்து தகழி போகும் வழியில் கருமாடியில், ஊர்க்காரர்கள் கருமாடிக்குட்டன் என்று அழைக்கும் கருங்கல் புத்தர். உடம்பின் ஒரு பக்கம் போய்விட்டது. ஆனாலும் இருப்பதை வைத்தே அடையாளம் காண முடியும். சிதறாலில் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பார்த்தால் தோள் வித்தியாசம் பிறகு மறக்காது.

இரண்டு சமயங்களும் எதிரெதிர் முகாம்களாக இருந்தன என்ற எண்ணத்தையும் இங்கேயே கழற்றி வைத்துவிடலாம். சிதறாலில் குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி அளித்த கொடையைச் சொல்லும் கல்வெட்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. அதே மன்னன் கேரளக் கரையில் இருந்த திருமூலவாசம் என்ற பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. திருமூலவாசம் இருந்த இடம் இன்றைக்கு யாருக்கும் தெரியாது, கடல் கொண்டது என்பது வழக்கு. சிதறால் பள்ளியோ பிற்காலத்தில் பகவதி கோவிலாயிற்று. ஊர்ப் பெயரில் பள்ளி இருந்தால் உடனே பௌத்த ஊர் என்பதும், சாஸ்தா கோவில் எல்லாம் பழைய புத்தர் கோவில் என்பதும் நம் பக்கம் அடிக்கடி கேட்கிற வாதங்கள். பள்ளி சமணருக்கும் இருந்தது. சாஸ்தா பற்றியது ஆராய்ச்சியாளர்களிடையே உள்ள ஒரு கருத்து, அவ்வளவே. அறிமுக நிலையில் இருப்பவர் இவற்றிலிருந்து தொடங்கினால் கடைசிவரை வழக்காடிக்கொண்டே இருக்க நேரும், புத்தர் என்ன சொன்னார் என்பதற்கு வரவே முடியாது.

கொள்கை: தமிழிலேயே இருக்கிறது

பாலி தெரியாது, சமஸ்கிருதம் தெரியாது என்று தயங்க வேண்டாம். நான்கு வாய்மைகளை மணிமேகலையின் இரண்டாம் காதை நான்கே அடியில் முடித்துவிடுகிறது:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பே ரின்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

பௌத்த ஆசான் அறவண அடிகள் தனக்குச் சொன்னதாக மாதவி சொல்லும் இடம் இது. துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது தீரும், தீர்வதற்கு வழி உண்டு. வழி என்பது எட்டு உறுப்புடையது: நற்காட்சி, நல்லெண்ணம், நன்மொழி, நற்செய்கை, நல்வாழ்வுத் தொழில், நல்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. இவை படிகள் என்று நினைத்து முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போகலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. எட்டும் சேர்ந்தே வளர வேண்டியவை.

பள்ளிப் பாடத்திலிருந்து எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு வரி இருக்கிறது: ஆசையே துன்பத்துக்குக் காரணம். இதைக் கேட்டுவிட்டு, "ஆசை இல்லாமல் எப்படிச் சோறு தின்பது, எப்படிப் பிள்ளையைப் படிக்கவைப்பது" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். இந்தக் கேள்விக்கு மணிமேகலையின் கடைசிக் காதை பதில் வைத்திருக்கிறது. அது சொல்வது ஒரு சங்கிலி: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பன்னிரண்டு கண்ணி, ஒன்றைச் சார்ந்து அடுத்தது. இதில் வாயில் என்பது கண், காது முதலிய ஐந்தும் மனமும். ஊறு என்பது பொருள் அவற்றில் வந்து படுவது. நுகர்வு என்பது இனிமை, துன்பம், இரண்டுமில்லாதது என்று உணர்வது. அதன்பிறகுதான் "இது வேண்டும்", "இது தொலைய வேண்டும்" என்ற வேட்கை; பிறகு இறுகப் பிடித்துக்கொள்ளும் பற்று.

ஒரு நாள் மட்டும் இதைப் பரிசோதித்துப் பாருங்கள். யாராவது உங்களைக் குத்திப் பேசும்போது சொல் காதில் படுவது ஊறு, சுருக்கென்று இருப்பது நுகர்வு, திருப்பி ஒன்று கொடுக்க வேண்டும் என்று எழுவது வேட்கை, இரவு படுத்த பிறகும் அதையே புரட்டிக்கொண்டிருப்பது பற்று. சுருக்கென்று இருப்பதை நிறுத்த முடியாது, அது உடம்புள்ளவருக்கு வரும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் பயிற்சி வேலை செய்கிறது. பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று உழைப்பது வேறு கணக்கு: நல்லதைச் செய்ய எழும் விருப்பம் இல்லாமல் எண்வழியில் முயற்சி என்ற உறுப்பே நிற்காது. பாலியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு, தமிழில் எல்லாவற்றையும் ஆசை என்ற ஒரே மூட்டையில் கட்டியதால் வந்த குழப்பம் இது.

அடுத்த சிக்கல் ஆன்மா. நிலையான ஆன்மா கிடையாது என்றால் மறுபிறப்பு யாருக்கு என்ற கேள்வி எல்லோருக்கும் வரும், வர வேண்டும். மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் கேட்டதும் இதுவே. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது முதல் விளக்கிலிருந்து சுடர் பெயர்ந்து போகிறதா என்று நாகசேனர் திருப்பிக் கேட்டார். காரணத் தொடர்ச்சி உண்டு, கடந்து போகும் பொருள் இல்லை. இது முதல் வாசிப்பில் பிடிபடாவிட்டால் கவலை இல்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு மேலே படிக்கலாம்.

தலைவிதிக்கும் வினைக்கும் உள்ள வேறுபாடு நம் ஊரில் மிக அதிகம் தடுமாறும் இடம். நோய் வந்தால் "முற்பிறவி வினை" என்று சொல்லிவிடுகிறோம். சீவகன் என்ற நாடோடித் துறவி புத்தரிடம் இதையே கேட்டபோது அவர் எட்டுக் காரணங்களை அடுக்கினார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடிக் கெடுவது, பருவமாற்றம், தாறுமாறான பழக்கம், பிறர் தாக்குதல், வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாம் வினை என்பவர் தாம் நேரில் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் போகிறார் என்றும் சொன்னார். ஆகவே ஒருவரது சாதியையோ ஊனத்தையோ காட்டி "பௌத்தப்படி அது அவர் வினை" என்று யாராவது பேசினால் இந்தச் சுத்தத்தை (புத்தரின் உரையைச் சுத்தம் என்பார்கள்) சொல்லிக் காட்டுங்கள். வினை என்று புத்தர் சொன்னது மனம் அறிந்து செய்யும் செயலை.

இன்னும் சில தவறுகள்

கடைகளில் கல்லாப்பெட்டி மேல் தொந்தியோடு சிரிப்பவர் கௌதம புத்தர் அல்லர். புதாய் என்ற சீனத் துறவி, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். துணிப்பை தூக்கித் திரிந்தவர், இனி வரப்போகும் மைத்ரேயரின் வடிவம் என்று சீனர்கள் கொண்டாடுபவர். வயிற்றைத் தடவினால் பணம் வரும் என்பது பௌத்த மூல நூல்களான பிடகங்கள் எதிலும் கிடையாது.

புத்தர் திருமாலின் அவதாரம் என்பது புராணங்களின் கருத்து, பௌத்தர்கள் அதை ஏற்பதில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் மேற்கொண்ட 22 உறுதிமொழிகளில் ஐந்தாவது இதை நேரடியாக மறுக்கிறது. விருந்தினராகப் பௌத்தர் வீட்டுக்குப் போய்ப் பாராட்டாக இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பௌத்தர் எல்லோரும் சைவம் சாப்பிடுபவர்களா? இல்லை. தனக்காகக் கொன்றதைக் கண்ணால் காணாமலும், காதால் கேளாமலும், அப்படி இருக்கும் என்று ஐயப்படாமலும் இருந்தால் பிக்கு புலாலை ஏற்கலாம் என்பது விநயம் என்ற துறவியர் ஒழுக்கநூலின் விதி. யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம், புலி உள்ளிட்ட பத்து வகை இறைச்சி அப்போதும் விலக்கு. துறவியர் சங்கம் முழுக்கப் புலால் மறுக்க வேண்டும் என்று தேவதத்தன் என்ற பிக்கு கேட்டபோது புத்தர் அதைக் கட்டாயமாக்க மறுத்தார். சீன மரபுத் துறவிகள் மரக்கறியே உண்பார்கள், இலங்கையிலும் தாய்லாந்திலும் பாத்திரத்தில் விழுந்ததை உண்பார்கள். மணிமேகலையைப் படித்தவர் கொல்லாமையை வலுவாகக் காண்பார். அதுவும் ஒரு பௌத்த நிலைதான்.

"எதையும் நம்பாதே, உன் அறிவு சொல்வதை மட்டும் நம்பு என்றார் புத்தர்" என்று ஒரு வாசகம் வாட்ஸ்அப்பில் சுற்றும். காலாமர் என்ற குலத்தாருக்குச் சொன்ன சுத்தத்தை வெட்டி ஒட்டியது அது. கேள்விப்பட்டது, மரபு, நூல் ஆகியவற்றை மட்டும் வைத்து ஏற்காதீர்கள் என்ற அதே பட்டியலில் வெறும் தர்க்கமும், தனக்குப் பிடித்துப்போன கருத்தும் இருக்கின்றன. நீங்களே செய்து பார்த்து, இது கேடு, அறிந்தோர் இதைப் பழிக்கிறார்கள் என்று தெரிந்தால் விடுங்கள் என்பதுதான் முழு வாக்கியம். புத்தர் படம் போட்டு வரும் பொன்மொழி எதுவானாலும் எந்தச் சுத்தம் என்று கேளுங்கள். பதில் வராது.

போதிதர்மரைப் பற்றி நமக்குப் பெருமிதம் அதிகம். 6-ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சிப் பல்லவர் என்பது பின்னால் சேர்ந்த மரபு. சீனாவின் ஷாவோலின் மடத்தில் சண்டைக்கலை கற்றுக்கொடுத்தார் என்பது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து, 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூலோடு ஒட்டிக்கொண்ட கதை.

பௌத்தரைக் கழுவேற்றியதால் தமிழகத்தில் பௌத்தம் ஒரேயடியாக ஒழிந்தது என்பதும் சரியில்லை. கழுவேற்றக் கதை மதுரைச் சமணரைப் பற்றியது. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் விகாரை எடுத்தான், சோழன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். 1856-க்குப் பிறகு அந்த ஊரில் தோண்டியெடுத்த பௌத்தப் படிமங்கள் 300-க்கும் மேல்.

செய்து பார்ப்பது

பௌத்தராக மாறாமலே செய்யக்கூடியது ஐந்து சீலம்: உயிர் கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, தகாத காமம் தவிர்த்தல், பொய் பேசாமை, மதுவும் போதையும் தவிர்த்தல். இவை கட்டளை அல்ல, "விலகியிருக்கும் பயிற்சியை ஏற்கிறேன்" என்றுதான் பாலி வாசகமே இருக்கிறது. முறிந்தால் பிராயச்சித்தம் கிடையாது, மறுபடி ஏற்க வேண்டியதுதான். ஐந்தையும் ஒரே நாளில் பிடித்து மூன்றாம் நாள் விடுவதைவிட, ஒரு மாதம் பொய் ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். கடன்காரனிடமும் கைப்பேசியிலும் எவ்வளவு சொல்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

மூச்சைக் கவனிக்கும் பயிற்சிக்கு நாளுக்கு 20 நிமிடம் போதும். பிட்டத்துக்கு அடியில் நாலு விரல் உயரம் மடித்த போர்வை வைத்தால் முழங்கால் தரையில் படியும், முதுகு தானே நிமிரும். முடியாதவர் நாற்காலியில் சாயாமல் உட்காரலாம். மூக்கு நுனியில் மூச்சு படும் இடத்தைக் கவனிப்பது மட்டுமே வேலை. மூச்சை நீட்டுவதும் அடக்குவதும் பிராணாயாமம், இங்கே அது வேண்டாம். அப்படி இழுத்தால் பத்தாம் நிமிடம் தலை கனக்கும். மனத்தைக் காலியாக்கப் பார்ப்பது இன்னொரு தவறு. எண்ணம் ஓடும், ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்பினால் அதுதான் பயிற்சி. சாப்பிட்ட உடனே உட்கார்ந்தால் தூக்கம் வரும். ஒளி தெரிகிறது, உடம்பு மிதக்கிறது என்றால் அதைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள்.

பத்து நாள் மௌன முகாம் வேண்டுமானால் நம் பக்கத்துக்கு அருகில் செங்கன்னூரை அடுத்த செறியநாட்டில் விபஸ்ஸனா தியான மையம் இருக்கிறது. காலை 4 மணிக்கு எழுப்புவார்கள், கட்டணம் இல்லை, முடித்த பிறகு விருப்ப நன்கொடை. முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாளிலிருந்து உடல் உணர்ச்சிகள். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்கக் கூடாது. நீண்ட மௌனம் சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். இங்கே யாரும் மதம் மாற்றுவதில்லை. அதேபோல் பத்து நாள் முடித்ததால் பௌத்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது என்றும் ஆகாது.

பௌத்தராகவே ஆக விரும்புவோர் ஒரு பிக்குவின் முன் "நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மாசம்புத்தஸ்ஸ" என்று மூன்று முறை சொல்லி, புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணம் என்று மும்முறை ஏற்று, ஐந்து சீலம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "துதியம்பி", மூன்றாம் சுற்றில் "ததியம்பி" வரும். சடங்கு அவ்வளவுதான், மொட்டை தேவையில்லை. பட்டியல் சாதியினர் மாறினால் இடஒதுக்கீடு போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துத் திருத்தப்பட்டிருக்கிறது. சாதிச் சான்றுக்கு எழுதும்போது அந்தத் திருத்தத்தின் நகலை இணைத்துவிட்டால் தாலுகா அலுவலகத்தில் வாதம் குறையும்.

விகாரைக்குப் போகும்போது: செருப்பும் தொப்பியும் வெளியே, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். தூபியையும் போதி மரத்தையும் வலமாகச் சுற்றுங்கள். பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு திட உணவு உண்பதில்லை, ஆகவே அன்னம் கொண்டுபோனால் 11 மணிக்குள் சேர்த்துவிடுங்கள். 1 மணிக்குக் கொண்டுபோகும் பிரியாணியை அவர்கள் பார்க்கத்தான் முடியும். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுங்கள். பொன்னும் பணமும் தொடக் கூடாது என்பது விநயம், காணிக்கையை விகாரைக் குழுவிடம் கொடுப்பதே முறை. பிக்கு பூசாரி அல்லர், அர்ச்சனைச் சீட்டு கேட்காதீர்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்குப் பறந்து அனுராதபுரம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது அங்கே அவமதிப்பு, காவலர் படத்தை அழிக்கச் சொல்வார். கையில் புத்தர் பச்சை குத்தியிருந்தால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். 2014-இல் ஒரு பிரிட்டிஷ் பயணியை இதற்காகவே விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்தினார்கள்.